வெப்லாஜிக் கிளஸ்டரில் எதை எங்கே டார்கெட் செய்வது?

ஆரக்கிளின் ஜாவா அப்ளிகேஷன் சர்வரான வெப்லாஜிக்கில் ஒரு டேட்டா சோர்ஸ் (அப்ளிகேஷனை டேட்டாபேஸோடு இணைக்கும் அமைப்பு) உருவாக்க ஐந்தாறு திரைகளைத் தாண்டினால் போதும். கடைசித் திரையில்தான் சிக்கல். "செலக்ட் டார்கெட்ஸ்", அதாவது இது எங்கே ஓட வேண்டும் என்று கேட்டு, அட்மின் சர்வர், கிளஸ்டர் (ஒன்றாக வேலை செய்யும் சர்வர்களின் குழு), அதன் கீழே தனித்தனி சர்வர்கள் என்று வரிசையாகக் கட்டங்களைக் காட்டும். புதிதாக வருபவர்கள் எதையாவது டிக் செய்துவிட்டு நகர்ந்துவிடுவார்கள். இரண்டு வாரம் கழித்து அது வேறு ஏதோ பிரச்சினை போல வேறு இடத்தில் வெடிக்கும்.

ஒவ்வொரு முறையும் கேட்டுக்கொள்ள வேண்டியது ஒரே கேள்விதான்: இது எல்லாச் சர்வரிலும் ஒரே மாதிரி இருந்தால் போதுமா, அல்லது குறிப்பிட்ட ஒரு சர்வரைச் சார்ந்த தகவல் எதையாவது தன்னிடம் வைத்திருக்கிறதா? டேட்டா சோர்ஸும் அப்ளிகேஷனும் முதல் வகை. ஜேஎம்எஸ் (ஜாவா மெசேஜ் சர்வீஸ்) சர்வர் இரண்டாவது வகை, ஏனென்றால் வரிசையில் காத்திருக்கும் மெசேஜ்கள் அதன் ஸ்டோரில்தான் இருக்கின்றன.

இந்த விளக்கத்துக்கு ஓர் அட்மின் சர்வர், "பில்கிளஸ்டர்" என்ற கிளஸ்டர், அதில் எம்எஸ்1, எம்எஸ்2, எம்எஸ்3 என அப்ளிகேஷன்களை ஓட்டும் மூன்று மேனேஜ்டு சர்வர்கள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். திரைகள் 12சி பதிப்பின் கன்சோலில் (பிரவுசரில் திறக்கும் நிர்வாகப் பக்கம்) இருப்பவை. 14.1.2 பதிப்பில் அந்தப் பழைய கன்சோலை ஆரக்கிள் எடுத்துவிட்டது. அதற்குப் பதிலாக வந்த ரிமோட் கன்சோலில் மெனு இடம் மாறியிருக்கும், அமைப்புகள் இவையேதான்.

முதல் படி: டேட்டா சோர்ஸ்

7001 போர்ட்டில் கன்சோலைத் திறந்து, இடது மேல் மூலையில் "லாக் அண்ட் எடிட்" அழுத்துங்கள். டெவலப்மென்ட் மோடில் இது வழக்கமாகத் தேவைப்படாது. "சர்வீசஸ்", "டேட்டா சோர்சஸ்", "நியூ", "ஜெனெரிக் டேட்டா சோர்ஸ்" என்று போய், பெயர், ஜேஎன்டிஐ பெயர் (அப்ளிகேஷன் இதைத் தேடி எடுக்கும் பெயர்), டேட்டாபேஸ் விவரம் எல்லாம் கொடுங்கள்.

அடுத்து "டெஸ்ட் கான்ஃபிகரேஷன்" பட்டன். பச்சை நிறத்தில் வெற்றி என்று வந்தாலும் முழுதாக நம்பிவிட வேண்டாம். அந்தச் சோதனை அட்மின் சர்வரிலிருந்து நடக்கிறது. எம்எஸ்2 வேறு இயந்திரத்தில் இருந்து, அங்கிருந்து டேட்டாபேஸ் போர்ட்டுக்கு ஃபயர்வால் திறக்கப்படவில்லை என்றால், இந்தப் பச்சைக்கு அது தெரியாது.

டார்கெட் திரையில் "பில்கிளஸ்டர்" என்பதை டிக் செய்து, "ஆல் சர்வர்ஸ் இன் த கிளஸ்டர்" என்பதையே விட்டுவிடுங்கள். "பார்ட் ஆஃப் த கிளஸ்டர்" எடுத்து மூன்று சர்வரையும் தனித்தனியாக டிக் செய்தாலும் இன்றைக்கு ஒரே விளைவுதான். நாளை எம்எஸ்4 சேர்க்கும்போதுதான் வித்தியாசம் தெரியும். கிளஸ்டருக்கு டார்கெட் செய்தது புதிய சர்வருக்கும் தானாகப் போகும், தனித்தனியாக டிக் செய்தது போகாது. அப்ளிகேஷன் மட்டும் எம்எஸ்4இல் இருந்து டேட்டா சோர்ஸ் இல்லாவிட்டால், லுக்அப் செய்யும் இடத்தில் நேம்நாட்ஃபவுண்ட்எக்ஸெப்ஷன் விழும். நான்கில் ஒரு சர்வரில் மட்டும் விழுவதால், "சில பேருக்கு மட்டும் வேலை செய்யவில்லை" என்று புகார் வரும். கண்டுபிடிக்கவே ஒரு நாள் போய்விடும்.

டார்கெட் எதையும் தேர்ந்தெடுக்காமல் "ஃபினிஷ்" அழுத்தினாலும் டேட்டா சோர்ஸ் பட்டியலில் தெரியும், ஆனால் எங்கேயும் ஓடாது. அட்மின் சர்வரை டிக் செய்யாதீர்கள். அது நிர்வாகத்துக்கானது.

"ஆக்டிவேட் சேஞ்சஸ்" அழுத்திய பிறகு, டேட்டா சோர்ஸின் "மானிட்டரிங்" பக்கத்தில் "டெஸ்டிங்" தாவலுக்குப் போய், மூன்று சர்வரையும் ஒவ்வொன்றாகச் சோதியுங்கள். நம்ப வேண்டிய சோதனை இதுதான்.

பூல் கணக்கு

கிளஸ்டருக்கு டார்கெட் செய்த டேட்டா சோர்ஸுக்குப் பொதுவான ஒரே பூல் (தயாராக வைத்திருக்கும் இணைப்புகளின் தொகுப்பு) கிடையாது. ஒவ்வொரு சர்வரும் தனக்கென ஒரு பூலை வைத்துக்கொள்ளும். "மேக்சிமம் கபாசிட்டி" இயல்பாக 15. மூன்று சர்வர் என்றால் டேட்டாபேஸ் பக்கம் 45 கனெக்‌ஷன் வரை போகும். இதே டேட்டாபேஸுக்கு நான்கு டேட்டா சோர்ஸ் இருந்தால் 180.

டிபிஏ (டேட்டாபேஸ் நிர்வாகி) உங்கள் அப்ளிகேஷனுக்கு 60 கனெக்‌ஷன் தருகிறார், டேட்டா சோர்ஸ் ஒன்றுதான் என்றால், "மேக்சிமம் கபாசிட்டி" கட்டத்தில் 60 போடக் கூடாது. 20 போட்டால் இன்றைக்குச் சரி. நாலாவது சர்வர் வரும் வாய்ப்பு இருந்தால் 15தான் போடுவேன். இந்தக் கணக்கைத் தப்பவிட்டால், கூட்டம் அதிகமாகும் நேரத்தில் ஓஆர்ஏ-00020 (ப்ராசஸ் எண்ணிக்கை வரம்பைத் தாண்டிவிட்டது) போன்ற ஆரக்கிள் டேட்டாபேஸ் பிழைகள் வரும், எல்லோரும் டேட்டாபேஸைத் திட்டுவார்கள்.

இரண்டாவது படி: ஜேஎம்எஸ்

இங்கே மூன்று பொருட்கள். மெசேஜ்களைச் சேமிக்கும் ஸ்டோர், அதைப் பயன்படுத்தும் ஜேஎம்எஸ் சர்வர், க்யூவும் (மெசேஜ்கள் காத்திருக்கும் வரிசை) கனெக்‌ஷன் ஃபேக்டரியும் (அப்ளிகேஷன் ஜேஎம்எஸ்ஸோடு இணைய உதவுவது) அடங்கிய ஜேஎம்எஸ் மாட்யூல்.

முதலில் ஒரு கஸ்டம் ஃபைல் ஸ்டோர் உருவாக்குங்கள். சர்வரோடு வரும் டிஃபால்ட் ஸ்டோர் இன்னொரு சர்வருக்கு இடம் மாறாது. ஃபைல் ஸ்டோரின் டைரக்டரி எல்லா இயந்திரமும் பார்க்கக்கூடிய பகிர்வு டிஸ்கில் இருக்க வேண்டும். எம்எஸ்1 விழுந்த பிறகு எம்எஸ்2 அந்த மெசேஜ்களை அங்கிருந்துதானே எடுக்க முடியும்?

12.2.1 பதிப்பிலிருந்து ஸ்டோரையும் ஜேஎம்எஸ் சர்வரையும் நேராகக் கிளஸ்டருக்கே டார்கெட் செய்யலாம். ஸ்டோரில் "டிஸ்ட்ரிபியூஷன் பாலிசி" என்பதை "டிஸ்ட்ரிபியூட்டட்" என்று வைத்தால் ஒவ்வொரு சர்வரிலும் ஒன்று ஓடும். சர்வர் விழுந்தால் அதன் ஜேஎம்எஸ் வேறொரு சர்வருக்கு மாறுமா என்பதைச் சொல்லும் "மைக்ரேஷன் பாலிசி" இயல்பாக "ஆஃப்". அதை "ஆன்-ஃபெயிலியர்" ஆக்குங்கள். பழைய பதிப்பு என்றால் ஒவ்வொரு சர்வருக்கும் ஒரு ஸ்டோர், ஒரு ஜேஎம்எஸ் சர்வர் உருவாக்கி, இரண்டையும் ஒரே மைக்ரேட்டபிள் டார்கெட்டில் (சர்வர் விட்டுச் சர்வர் ஒன்றாக இடம் மாறக்கூடிய இலக்கு) வைக்க வேண்டும்.

அப்புறம் கிளஸ்டரின் "மைக்ரேஷன்" தாவலில் "மைக்ரேஷன் பேசிஸ்" தேர்வு செய்யுங்கள். எந்தச் சர்வர் எதற்கு உரிமையாளர் என்பதை டேட்டாபேஸ் டேபிளில் குறித்துவைப்பது ஒரு வழி. அதற்கான டேட்டா சோர்ஸ் எக்ஸ்ஏ (பல அமைப்புகளைச் சேர்த்து ஒரே டிரான்சாக்‌ஷனாக நடத்தும்) வகையாக இருக்கக் கூடாது. "கன்சென்சஸ்" எடுத்தால் டேபிள் வேண்டாம், ஆனால் நோட் மேனேஜர் (சர்வர்களைத் தொடங்கி, கண்காணிக்கும் ப்ரோகிராம்) எல்லா இயந்திரத்திலும் ஓட வேண்டும். டேட்டாபேஸ் நிலையாக இருக்கும் இடத்தில் நான் முதல் வழியைத்தான் எடுப்பேன்.

கடைசியாக மாட்யூல். அதைக் கிளஸ்டருக்கு டார்கெட் செய்யுங்கள். கனெக்‌ஷன் ஃபேக்டரிக்கு டிஃபால்ட் டார்கெட்டிங் போதும். க்யூவுக்கு மட்டும் ஒரு சப்டிப்ளாய்மென்ட் (மாட்யூலின் ஒரு பகுதிக்கான தனி டார்கெட் பட்டியல்) உருவாக்கி, உங்கள் ஜேஎம்எஸ் சர்வரை மட்டும் அதில் சேருங்கள். இல்லையென்றால் வேறொரு குழு அதே கிளஸ்டரில் நாளை ஜேஎம்எஸ் சர்வர் வைத்தால், உங்கள் க்யூ அங்கேயும் போய் உட்கார்ந்துகொள்ளும். க்யூ வகையாக "டிஸ்ட்ரிபியூட்டட் க்யூ" எடுத்து, அதை "யூனிஃபார்ம்" என்று வையுங்கள்.

அப்ளிகேஷனில் பெரிதாகச் சொல்ல ஒன்றும் இல்லை. கிளஸ்டருக்கு டிப்ளாய் செய்யுங்கள், அவ்வளவுதான்.

சோதனை

க்யூவில் சில மெசேஜ்களைப் போட்டு, எடுக்கும் பக்கத்தை நிறுத்திவையுங்கள். பிறகு எம்எஸ்1இன் ப்ராசஸைக் கில் செய்யுங்கள். கன்சோலில் "ஷட்டவுன்" கொடுத்தால் அது முறையான நிறுத்தம், "ஆன்-ஃபெயிலியர்" அசையாது. சிறிது நேரத்தில் எம்எஸ்1இன் ஜேஎம்எஸ் சர்வர் வேறொரு சர்வரில் எழுந்து, அதே மெசேஜ்களைக் காட்ட வேண்டும். எம்எஸ்1ஐ மீண்டும் ஏற்றினால் அந்த ஜேஎம்எஸ் சர்வர் தன் பழைய இடத்துக்குத் திரும்பும். திரும்பாவிட்டால் லாகில் ஸ்டோர் டைரக்டரி பற்றிய பிழை இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.