பழைய 400 மி.மீ. மேனுவல் லென்ஸ்: மிரர்லெஸ் கேமராவில் கூர்மையாக ஃபோகஸ் செய்வது எப்படி?

நிக்கான் எஃப் மவுண்ட் லென்ஸ், சோனி ஈ மவுண்ட் கேமரா என்று வைத்துக்கொள்வோம். முன்னதன் ஃபிளாஞ்ச் தூரம், அதாவது மவுண்டிலிருந்து சென்சார் அல்லது ஃபிலிம் வரையிலான இடைவெளி, 46.5 மி.மீ., பின்னதற்கு 18. மீதி 28.5 மி.மீ.யை நிரப்பும் வெற்று வளையம்தான் அடாப்டர். கண்ணாடி வைத்த அடாப்டர் இங்கே தேவையில்லை.

1. மெனுவில் ‘லென்ஸ் இல்லாமல் ஷட்டர்’ வசதியை இயக்குங்கள். இல்லாவிட்டால் பட்டன் வேலை செய்யாது.

2. ஸ்டெடிஷாட்டில் (கேமராவின் கை நடுக்கம் தடுக்கும் வசதி) குவியத் தூரம் 400 என்று கையால் கொடுங்கள். சென்சார் முழு ஃபிரேமைவிடச் சிறிய ஏபிஎஸ்-சி என்பதற்காக 1.5ஆல் பெருக்கி 600 என்று கொடுக்கக் கூடாது. குவியத் தூரத்தை நீட்டும் 1.4 மடங்கு டெலிகன்வெர்ட்டர் போட்டால் மட்டும் 560. ட்ரைபாடில் வைத்ததும் ஸ்டெடிஷாட்டை அணைத்துவிடுங்கள்.

3. ட்ரைபாடை லென்ஸ் காலரில் (லென்ஸைச் சுற்றியுள்ள தாங்கு வளையம்) மாட்டுங்கள். கேமராவின் அடியில் மாட்டினால் லென்ஸின் மொத்த எடையும் மவுண்டில் தொங்கும்.

4. பலரும் சறுக்குவது ஃபோகஸில்தான். தொலைவில் இருப்பதைப் பிடிக்க வளையத்தைக் கடைசிவரை திருகி, இடித்து நின்றதும் ‘இன்ஃபினிட்டி (முடிவிலித் தொலைவு) வந்துவிட்டது’ என்று நினைத்துவிடுகிறார்கள். ஈடி கண்ணாடி (நிறச் சிதறலைக் குறைக்கும் சிறப்புக் கண்ணாடி) உள்ள லென்ஸ்களில் வெப்பநிலைக்கேற்ப ஃபோகஸ் நகரும். அதற்காகவே வளையம் இன்ஃபினிட்டியைத் தாண்டியும் திரும்பும்படி செய்திருக்கிறார்கள். அடாப்டர் இம்மியளவு மெலிந்திருந்தால் இன்னும் தாண்டும். ஆகவே தூர அளவுக்கோட்டை நம்ப வேண்டாம். திரையை மட்டும் பாருங்கள்.

அப்பெர்ச்சரை முழுக்கத் திறந்து, திரையில் உருப்பெருக்கத்தை இயக்கி, எடுப்பது பறவை என்றால் அதன் கண்ணில் வையுங்கள். இமை விளிம்பு தெளிவாகி மறுபடி மங்கும்வரை வளையத்தைத் தாண்டவிட்டு, மெதுவாகத் திரும்பி வாருங்கள். எஃப்/5.6இல் 20 மீட்டர் தொலைவில் முழு ஃபிரேம் சென்சாருக்குக் கிடைக்கும் கூர்மை ஆழம் சுமார் 85 செ.மீ.; 10 மீட்டரில் 20 செ.மீ. சொச்சம்தான். கூர்மையான விளிம்புகளை வண்ணத்தில் காட்டும் ஃபோகஸ் பீக்கிங்கை அணைத்துவைப்பதே மேல். கொஞ்சம் தவறிய விளிம்புக்கும் அது வண்ணம் பூசிவிடும்.

5. எஃப்/8க்கு மூடி, அதிர்வைக் குறைக்கும் எலக்ட்ரானிக் முன்திரை ஷட்டரோடு எடுங்கள். கையில் பிடித்தால் ஷட்டர் வேகம் 1/800 நொடிக்குக் குறைய வேண்டாம்.

பிறகு சேர்த்தது: எல்லாம் செய்தும் படம் மந்தமா? நிக்கானின் 400 மி.மீ. எஃப்/3.5 போன்ற லென்ஸ்களில் மவுண்ட் அருகே 39 மி.மீ. ஃபில்டர் செருகும் தட்டு இருக்கும். அந்தக் கண்ணாடியும் ஒளியியல் கணக்கில் சேர்த்தி. தட்டு காலியாக இருந்தால் ஒரு தெளிவான ஃபில்டரைப் போடுங்கள். அதுவும் சரியாக இருந்தால் கானல் அலைதான் (சூடான காற்றின் நெளிவு) காரணம். உருப்பெருக்கத்தில் விளிம்புகள் நெளிந்தால் வெயில் தாழும்வரை காத்திருங்கள், அல்லது பக்கத்தில் போய் எடுங்கள்.