யோசெமிட்டியில் இரவு தங்கல்: கரடிக்கு எட்டாமல் சமையல் சாமான்களைக் கட்டும் முறை

கலிஃபோர்னியாவின் யோசெமிட்டி காட்டில் உணவை மரக்கிளையில் தொங்கவிடுவது விதிமீறல். அங்குள்ள கருங்கரடிகள் கயிற்றைக் கடித்து அறுக்கவும், குட்டியைக் கிளைக்கு ஏற்றி மூட்டையைத் தள்ளவும் பழகிவிட்டன. அனுமதி பெற்ற பேர் கேனிஸ்டர், அதாவது கெட்டியான வட்ட டப்பா, கட்டாயம். கடிதாங்கும் துணிப்பைகள் அங்கே செல்லாது.

பலர் பயன்படுத்தும் பேர்வால்ட் பி.வி.500 டப்பா 11.5 லிட்டர் கொள்ளும். வெறும் எடையே 1.2 கிலோவை ஒட்டி வரும். ரவை, அரிசி, பருப்பை அட்டைப்பெட்டியிலிருந்து எடுத்து ஜிப் பைகளில் போட்டு, காற்றை அழுத்தி வெளியேற்றுங்கள். கடைசி நாள் உணவு அடியில், முதல் நாளுடையது மேலே. வீட்டிலேயே விளிம்புவரை உணவை நிரப்பிவிடுவதுதான் வழக்கமாக நடக்கும் தவறு. பற்பசை, சன்ஸ்கிரீன், சோப்பு, குப்பைப்பை எல்லாம் முதல் இரவே உள்ளே போயாக வேண்டும். இடமில்லாவிட்டால் அவை கூடாரத்துக்குள் வந்துவிடும். ஊறுகாயை விட்டுவிடுங்கள். எண்ணெய் கசிந்து பேக்கில் ஊறினால் அந்த வாசனை பயணம் முழுக்கப் போகாது. பருப்புப்பொடி போதும்.

முதுகுப்பையில் தூக்கப்பை அடியில் இருக்கட்டும். அதன்மேல் டப்பாவை முதுகெலும்பை ஒட்டி நிமிர்த்தி வைத்து, சுற்றியுள்ள இடைவெளியில் துணிகளைத் திணியுங்கள். பையின் உச்சியில் கட்டினால் ஏற்றத்தில் ஆட்டம் காட்டும். 750 மி.லி. பாத்திரத்துக்குள் 100 கிராம் காஸ் குப்பி, கழற்றிய பர்னர், லைட்டர் மூன்றும் அடங்கும். நடுவே ஒரு துணி இருந்தால் சத்தம் வராது. காஸ் குப்பியை விமானத்தில் ஏற்ற முடியாது, இறங்கிய ஊரில் வாங்குங்கள்.

தாளிப்பை வீட்டிலேயே முடித்துவிடுங்கள். காட்டில் எண்ணெய் காய்ந்தால் மணம் உடையில் ஏறும், அதே உடையோடு தூங்க நேரும். கூடாரத்திலிருந்து தள்ளிச் சமைத்து, மிச்சம் வைக்காமல் சாப்பிட்டு, பாத்திரத்தை வெந்நீரில் அலசுங்கள். அலசிய நீரை வடிகட்டி, சக்கையைக் குப்பைப்பையில் போட்டு, நீரை ஓடையிலிருந்து 60 மீட்டர் தள்ளி ஊற்றுங்கள்.

இரவில் டப்பாவைக் கூடாரத்துக்கு 30 மீட்டர் அப்பால், சமதரையில் வையுங்கள். பாறை விளிம்பும் ஓடைக்கரையும் வேண்டாம். கரடி உருட்டினால் திரும்பக் கிடைக்காது. கயிறு கட்டாதீர்கள், அது இழுத்துப்போக வசதியாகிவிடும். மூடி பூட்டிக்கொண்டதா என்று கையால் திருகிப் பாருங்கள். சரியாக மூடாத டப்பா இருந்தும் இல்லாததுதான். குளிரில் மூடியின் பூட்டு விரலுக்கு அசையாவிட்டால் கரண்டிக் காம்பால் அழுத்தலாம். மலையடிவாரத்தில் நிறுத்திய காரிலும் இரவில் உணவு இருக்கக் கூடாது. அங்குள்ள இரும்புப் பெட்டகத்தில் பூட்டுங்கள்.

அமெரிக்காவின் இன்னொரு தேசியப் பூங்காவான யெல்லோஸ்டோன் போனால் விதி மாறும். கருங்கரடியைவிடப் பெரிய கிரிஸ்லி கரடி உலவும் இடம் என்பதால், கழுவிய பாத்திரம், அடுப்பு உட்பட எல்லாமே பாதுகாக்கப்பட வேண்டியவை. முகாம்களில் உள்ள உணவுக் கம்பத்தில் தரையிலிருந்து 3 மீட்டர் உயரத்தில் தொங்கவிடலாம். சமையலிடம் கூடாரத்திலிருந்து 90 மீட்டராவது தள்ளி இருக்கட்டும். யோசெமிட்டியில் தடைசெய்யப்பட்ட கரடி ஸ்ப்ரேயை, அதாவது கரடியை விரட்டும் காரத் தெளிப்பானை, இங்கே கொண்டு செல்லுங்கள். பைக்குள் வேண்டாம், சமைக்கும்போதும் கை எட்டும் இடுப்பு வாரில்.