டேப்பில் கடைசி பேக்கப் மட்டும்தான் இருக்கிறதா?

சோலாரிஸ் என்ற யூனிக்ஸ் இயங்குதளம் ஓடும் பழைய சர்வரில் ரூட், வார் (var), ஹோம் என்ற மூன்று கோப்புப் பகுதிகளையும் வரிசையாக ஒரே டேப்பில் எழுதுகிறீர்கள். பிழைச்செய்தி எதுவும் வராது. ரெஸ்டோர் செய்யப் போனால் ஹோம் மட்டும்தான் இருக்கும்! டிரைவைச் சந்தேகிக்கும் முன் பேக்கப் ஸ்கிரிப்டில் டேப் டிரைவுக்குக் கொடுத்திருக்கும் பெயரைப் பாருங்கள். ‘ஆர்எம்டி/0’ என்று இருந்தால், ஒவ்வொரு முறை எழுதி முடித்ததும் டேப் தானாகத் தொடக்கத்துக்குச் சுற்றிவிடும்; அடுத்த பேக்கப் முந்தையதன் மேலேயே ஏறிவிடும். அந்த 0-க்குப் பின்னால் ஒரு ‘என்’ சேர்த்தால் சுற்றாமல் அங்கேயே நிற்கும். லினக்ஸ் என்றால் ‘எஸ்டி0’ இடத்தில் ‘என்எஸ்டி0’. இது தெரியாமல் டிரைவைத் துடைத்தே எனக்கு அரை நாள் போனது.

அப்புறம், மூன்றாவது பேக்கப்பை எடுக்க, டேப்பை நகர்த்தும் ‘எம்டி’ கட்டளையில் ‘எஃப்எஸ்எஃப் 2’ கொடுத்து இரண்டைத் தாண்டுங்கள். அங்கேயும் ‘என்’ உள்ள பெயர்தான் வேண்டும்.