கார்க்கில் வேலை கிடைத்தாச்சு, அடுத்து என்ன?

எனக்கு வேலை கிடைத்த அன்று வீட்டில் கேட்ட முதல் கேள்வி, "அது லண்டன் பக்கமாப்பா?" இல்லை. கார்க் அயர்லாந்தின் தெற்கே இருக்கிறது. அயர்லாந்துக் குடியரசில் டப்ளினுக்கு அடுத்த பெரிய நகரம். லீ ஆறு ஊருக்குள் இரண்டாகப் பிரிந்து ஓடுகிறது. கடைத்தெருவெல்லாம் நடுவில் இருக்கும் தீவில். ஐரிஷில் இந்த ஊரின் பெயருக்குச் சதுப்பு நிலம் என்றுதான் பொருள். வந்து ஒரு மாரிக்காலம் இருந்தால் பெயர்ப்பொருத்தம் புரியும்.

ஆப்பிள் 1980-இல் இங்கே ஆலை தொடங்கியது. மருந்துத் தொழிற்சாலைகள் துறைமுகப் பக்கம் ரிங்காஸ்கிடியில், பெரிய மருத்துவமனை வில்டனில். ஆக, மென்பொருள், மருந்து, நர்சிங் என்று ஏதாவது ஒன்றைப் பிடித்துத்தான் நம் ஆட்கள் வந்து சேர்கிறார்கள்.

என்னென்ன காகிதம் வேண்டும் என்ற பட்டியல் எங்கும் கிடைக்கும். எதை முதலில் செய்வது, எதை அப்புறம் செய்வது என்பதில்தான் எல்லோரும் சிக்குகிறோம். அந்த வரிசை தெரியாமல் வந்து முதல் சம்பளத்தில் பெரிய பங்கை வரியாக விட்டவன் நான்.

படி 1: பர்மிட் எந்த வகை என்று பாருங்கள்

வேலை அனுமதியில் நமக்கு முக்கியமானவை இரண்டு: ஆள் பற்றாக்குறை உள்ள உயர்திறன் வேலைகளுக்கான கிரிட்டிக்கல் ஸ்கில்ஸ், மற்ற வேலைகளுக்கான ஜெனரல். கம்பெனி "பர்மிட் எடுத்துத் தருகிறோம்" என்று மட்டும் சொன்னால் போதாது. எந்தப் பர்மிட் என்று கேட்டு வாங்குங்கள். கிரிட்டிக்கல் ஸ்கில்ஸ் என்றால் குடும்பத்தை உடனே அழைத்துக்கொள்ள விண்ணப்பிக்கலாம். ஜெனரல் என்றால் ஒரு வருடம் காத்திருக்க வேண்டும். கல்யாணமானவர்களுக்கு இது சம்பளத்தைவிடப் பெரிய விஷயம்.

இரண்டு வருடப் பர்மிட்டுக்குக் கட்டணம் 1,000 யூரோ. நிராகரித்தால் 90 சதவீதம் திரும்ப வரும். கிரிட்டிக்கல் ஸ்கில்ஸ் பட்டியலில் உள்ள வேலைக்குக் குறைந்தபட்சச் சம்பளம் 2024 தொடக்கத்தில் 32,000 யூரோவிலிருந்து 38,000 ஆனது. இந்த வரம்பு அவ்வப்போது ஏறும். அதனால் ஆஃபர் கடிதத்தில் கையெழுத்துப் போடும் முன் தொழில் துறையின் தளத்தில் அன்றைய தொகையைப் பார்த்துவிடுங்கள்.

படி 2: விசா

பர்மிட் வேறு, விசா வேறு. பர்மிட் கையில் வந்ததும் நீண்டகாலத் தங்கலுக்கான 'டி' விசாவுக்கு ஆன்லைனில் படிவம் நிரப்பி, அச்செடுத்து, கையெழுத்திட்டு, விசா விண்ணப்பங்களை வாங்கும் விஎஃப்எஸ் நிறுவனத்தின் மையத்தில் கொடுக்க வேண்டும். சென்னையிலேயே மையம் உண்டு. ஒருமுறை நுழைய 60 யூரோ, பலமுறை நுழைய 100. ஒருமுறை விசாவே போதும். வந்த பிறகு கிடைக்கும் குடியிருப்பு அட்டையை வைத்துக்கொண்டு ஊருக்குப் போய்த் திரும்பலாம்.

அயர்லாந்து ஷெங்கன் நாடு இல்லை. இந்த விசாவை வைத்துப் பாரிசுக்குப் போக முடியாது. போட்டோவுக்காக ஈஃபில் கோபுரத்தைக் கணக்கில் வைத்திருப்பவர்கள் அதற்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும்.

படி 3: பெட்டியில் எது, எது வேண்டாம்

குக்கர் எடுத்துக்கொள்ளுங்கள், கூடவே ஒரு கேஸ்கட்டும். அரிசி, பருப்பு, மசாலா சுமந்து வராதீர்கள். இந்தியக் கடைகள் இருக்கின்றன. இங்கே பிளக் பாயின்ட்டில் மூன்று செவ்வகத் துளைகள். நம் ஊர் உருண்டை பின் நுழையாது, அடாப்டர் வேண்டும். குடை வேண்டவே வேண்டாம். மழை இங்கே மேலிருந்து விழுவதில்லை, பக்கவாட்டில் வரும். தொப்பி வைத்த நல்ல மழைக்கோட்டு ஒன்று வாங்குங்கள், அதையும் இங்கே வந்து வாங்குங்கள்.

மிக முக்கியமான காகிதம் ஒன்று: உங்கள் கம்பெனி லெட்டர்ஹெட்டில், வேலையில் சேரும் தேதியும் சம்பளமும் போட்ட கடிதம். விமான நிலையத்தில் தொடங்கி வங்கி வரைக்கும் அதைத்தான் கேட்பார்கள். நாலு நகல் எடுங்கள்.

துபாய் அல்லது அபுதாபி வழியாக டப்ளின் வந்து இறங்கினால், விமான நிலையத்திலிருந்தே கார்க்குக்குப் பஸ் இருக்கிறது. மூன்று மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆகும். தூங்கிக்கொண்டே வரலாம்.

படி 4: வீடு (இங்கேதான் நிதானம் தேவை)

அயர்லாந்தில் எல்லாக் கதவும் திறப்பது ஒரே சாவியால்: முகவரிச் சான்று. பிபிஎஸ் என்ற வரி எண்ணுக்கு அது வேண்டும், வங்கிக்கு அது வேண்டும். ஆனால் அந்தச் சான்று கிடைக்க வீடு வேண்டும். வீட்டுக்காரரோ சம்பளச் சீட்டும் வங்கிக் கணக்கும் கேட்பார். கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும், பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம் ஆகும் என்ற கதை.

இதற்கு ஒரு வழி உண்டு. முதல் மாதம் நண்பர் வீட்டில் தங்குங்கள். அவர் பெயரிலுள்ள மின்கட்டண ரசீதின் அசலையும், 'இவர் என்னோடுதான் தங்கியிருக்கிறார்' என்று அவர் எழுதிக் கையெழுத்திட்ட சீட்டையும் கொடுத்தால், வரி எண்ணுக்கு அதை ஏற்றுக்கொள்கிறார்கள். நண்பர் யாரும் இல்லையா? தற்காலிகத் தங்குமிடத்தைக் கம்பெனியிடமே கேளுங்கள். கூச்சப்படாதீர்கள், கேட்டவர்களுக்குத்தான் கிடைக்கிறது.

வீடு தேட எல்லோரும் போவது டாஃப்ட் என்ற தளத்துக்கு. விளம்பரம் வந்த சில மணி நேரத்துக்குள் எழுதிவிட வேண்டும். "வீடு பார்க்கலாமா?" என்று ஒற்றை வரி எழுதினால் பதில் வராது. எங்கே வேலை, எவ்வளவு சம்பளம், எத்தனை பேர், எப்போது குடிவர முடியும் என்று ஆறு வரியில் எழுதித் தயாராக வைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டைக் கண்ணால் பார்க்காமல் ஒரு யூரோகூட அனுப்பாதீர்கள். "நான் வெளிநாட்டில் இருக்கிறேன், டெபாசிட் போட்டால் சாவியை கூரியரில் அனுப்புகிறேன்" என்று வருவதெல்லாம் மோசடி. போட்டோவில் வீடு எவ்வளவு அழகோ அவ்வளவு சந்தேகப்படுங்கள்.

சட்டப்படி, குடிவரும்போது ஒரு மாத டெபாசிட்டும் ஒரு மாத முன்வாடகையும்தான் கேட்கலாம். பெங்களூரில் பத்து மாத அட்வான்ஸ் கொடுத்தவர்களுக்கு இது தேனாக இருக்கும். ஆனால் ஒரு சூட்சுமம்: வீட்டுக்காரர் தன் சொந்த வீட்டிலேயே ஒரு அறையை உங்களுக்கு விட்டால், வாடகைதாரர் சட்டத்தின் பாதுகாப்பு உங்களுக்கு இல்லை. முதல் சில மாதங்களுக்கு அப்படிப்பட்ட அறை நல்லதுதான், வாடகையும் குறையும். நான் ஐந்து மாதம் அப்படி இருந்தேன். ராத்திரி பத்து மணிக்கு மேல் தாளிக்கக்கூடாது என்பது ஒப்பந்தத்தில் எழுதாத விதி.

எந்தப் பக்கம் பார்ப்பது? ஆற்றுக்கு வடக்கே மேடு. செயின்ட் பேட்ரிக்ஸ் ஹில் ஏறிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், காய்கறிப் பையோடு ஏறுவது ஒரு வேண்டுதல் மாதிரி. மருத்துவமனையில் வேலை என்றால் வில்டன், பிஷப்ஸ்டவுன். ஷிப்டு வேலை என்றால் பாலின்காலிக் அல்லது கேரிகலைன் பாருங்கள். இரண்டையும் நகரம் வழியாக இணைக்கும் 220 பஸ் 2019-இலிருந்து 24 மணி நேரமும் ஓடுகிறது. பஸ்ஸுக்கு லீப் அட்டை வாங்கிக்கொள்ளுங்கள், காசைவிட மலிவு. இறங்கும்போது டிரைவருக்கு நன்றி சொல்லாமல் இறங்கினால் பஸ்ஸே திரும்பிப் பார்க்கும்.

முகவரி கிடைத்ததும் ஏர்கோட் என்ற ஏழு எழுத்து எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். நம் பின்கோடு ஒரு பகுதிக்கு. இது ஒவ்வொரு வீட்டுக்கும் தனித்தனி. கார்க்கில் டி12, டி23 என்று தொடங்கும்.

படி 5: பிபிஎஸ் எண், உடனே வரிப் பதிவு

பிபிஎஸ் எண் என்பது நம் பானும் ஆதாரும் சேர்ந்த மாதிரி. அரசின் மைவெல்ஃபேர் தளத்தில் விண்ணப்பியுங்கள். பாஸ்போர்ட், முகவரிச் சான்று, கம்பெனிக் கடிதம் போதும். எண் தபாலில் வரும்.

நான் சறுக்கியது இதற்கு அடுத்த படியில். எண் வந்ததும் சம்பளப் பிரிவுக்குக் கொடுத்துவிட்டு வேலை முடிந்தது என்று நினைத்தேன். முடியவில்லை. வரித்துறையின் மைஅக்கவுன்ட்டில் நுழைந்து, உங்கள் புது வேலையை நீங்களேதான் பதிய வேண்டும். அதுவரை 'எமர்ஜென்சி டாக்ஸ்' பிடிப்பார்கள். எண்ணே கொடுக்காவிட்டால் முதல் யூரோவிலிருந்து 40 சதவீதம். அதோடு யுஎஸ்சி என்ற இன்னொரு வரி 8 சதவீதம். பிடித்தது பதிந்த பிறகு திரும்ப வந்துவிடும், ஆனால் வீட்டு டெபாசிட் கட்ட வேண்டிய மாதத்தில் அது ஆறுதல் இல்லை.

அதே தளத்தில் வாடகைக்கான வரிச்சலுகையையும் கேளுங்கள். தனிநபருக்கு வருடம் 1,000 யூரோ வரை. அறை வாடகைக்கும் உண்டு. பலர் தெரியாமலே விட்டுவிடுகிறார்கள்.

வங்கிக் கணக்கு தாமதமானால் பதற வேண்டாம். முதல் மாதச் சம்பளத்துக்கு ரெவொலுட் என்ற செல்போன் ஆப் வங்கியின் கணக்கு போதும். கம்பெனி ஏற்குமா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

படி 6: ஐஆர்பி அட்டை

ஐஆர்பி என்பதுதான் முன்பு சொன்ன குடியிருப்பு அட்டை. வந்து 90 நாளுக்குள் அதற்குப் பதிய வேண்டும். கட்டணம் 300 யூரோ. தேதி கிடைக்க நாளாகும் என்பதால் வந்த முதல் வாரமே முன்பதிவு செய்யுங்கள். எந்த ஊர்க்காரர் எந்த அலுவலகத்துக்குப் போவது என்பது சமீப வருடங்களில் மாறியிருக்கிறது. பழைய நண்பர் சொன்னதை நம்பாமல் குடிவரவுத் துறைத் தளத்தைப் பாருங்கள்.

படி 7: டாக்டர், கார், பெல்ஃபாஸ்ட்

குடும்ப டாக்டரிடம் இப்போதே பதிந்துவையுங்கள். காய்ச்சல் வந்த பிறகு போனால் "புதியவர்களைச் சேர்ப்பதில்லை" என்பார்கள். அவருடைய சிபாரிசுக் கடிதம் இல்லாமல் நேராக அரசு மருத்துவமனை அவசரப் பிரிவுக்குப் போனால் 100 யூரோ. 35 வயதும் அதற்கு மேலும் ஆனவர்கள் வந்த ஒன்பது மாதத்துக்குள் தனியார் காப்பீடு எடுத்துவிடுங்கள். தள்ளிப்போட்டால், 34-க்கு மேல் எத்தனை வயதோ அத்தனைக்கும் வருடத்துக்கு 2 சதவீதம் வீதம் பிரீமியம் கூடும்.

வண்டி இங்கேயும் இடது பக்கம்தான், ஆனால் நம் லைசென்ஸை மாற்றித் தரமாட்டார்கள். எழுத்துத் தேர்விலிருந்து தொடங்க வேண்டும்.

அப்புறம் வட அயர்லாந்தில் இருக்கும் அந்த பெல்ஃபாஸ்ட். டப்ளினிலிருந்து ரயிலில் இரண்டே கால் மணி நேரம், எல்லையில் யாரும் பாஸ்போர்ட் கேட்பதில்லை. அதனாலேயே நம் ஆட்கள் வார இறுதியில் கிளம்பிவிடுகிறார்கள். அது ஐக்கிய ராஜ்ஜியம். நமக்குத் தனி விசா வேண்டும். விசா இல்லாமல் அங்கே பிடிபட்டால் இங்கே பர்மிட் புதுப்பிக்கும்போது கேள்வி வரும். முதல் வருடம் கோவ், கின்சேல் என்ற துறைமுக ஊர்களுக்குப் போங்கள். இரண்டும் கார்க்கிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள், மீன் நன்றாக இருக்கும்.