உப்புக்காற்றில் கிடந்த வால்வு டிரான்ஸ்மிட்டரை மீட்பது எப்படி

தொண்டி முதல் ராமேஸ்வரம் வரை, கடலோர வீட்டுப் பரணில் பல வருடம் கிடந்த ஹாம் (அமெச்சூர் வானொலி) டிரான்ஸ்மிட்டர் கிடைத்தால், 'ஓடுதா பார்ப்போம்' என்று பிளக்கைச் செருகாதீர்கள். உப்புப் படிந்த பேண்ட் சுவிட்சில் (அலைவரிசை மாற்றுவது) 600 வோல்ட் ஏறினால் பேக்கலைட் தட்டின் மேல் கரித்தடம் விழும். ஒருமுறை கரிந்துவிட்டால் அந்தத் தட்டு அநேகமாகப் போனதுதான். மாற்றுக் கிடைப்பது கடினம். முதலில் உப்பை எடுங்கள், பிறகு மின்சாரம்.

வால்வுகளை (கண்ணாடிக் குழாய்களை) கழற்றி, எது எந்த சாக்கெட் என்று குறித்து வையுங்கள். கண்ணாடியில் அச்சிட்ட எண்ணைத் தேய்க்காதீர்கள், அழிந்துவிடும். நம்மூர் போர்வெல் தண்ணீர் பெரும்பாலும் உவர்ப்பு, அது ஆகாது. பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரை மென்மையான பிரஷ்ஷில் தொட்டு சேஸ் (உலோக அடிச்சட்டம்), சாக்கெட், பீங்கான் இன்சுலேட்டர், சுவிட்ச் எல்லாவற்றையும் துடையுங்கள். பலர் நேரே ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலை எடுக்கிறார்கள். அதில் உப்பு கரையாது. தண்ணீர் முதலில், ஆல்கஹால் அந்த ஈரத்தை விரட்ட. டிரான்ஸ்பார்மரிலும் மீட்டரிலும் ஒரு சொட்டும் படக்கூடாது. பிறகு 60 வாட் குண்டு பல்பு எரியும் மூடிய பெட்டியில் இரண்டு நாள் வைத்து உலர்த்துங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் இந்த வேலையைத் தொடங்காமல் இருப்பது நல்லது.

அலுமினிய சேஸில் இரும்புத் திருகு இறங்கிய இடங்களில் வெள்ளைப் பொடி பூத்திருக்கும். எர்த் இணைப்பு அங்கேதான் கெடுகிறது. செட் தானாகவே அலைகளை உண்டாக்குவது (ஆசிலேஷன்), 'ஹம்' என்ற இரைச்சல் இரண்டுக்கும் அதுவும் ஒரு காரணம். திருகைக் கழற்றிச் சுரண்டி, புது வாஷர் போட்டு முடுக்குங்கள்.

அடுத்து டிரான்ஸ்பார்மர். 500 வோல்ட் மெகரில் (இன்சுலேஷன் அளக்கும் கருவி) பிரைமரிக்கும் சேஸுக்கும் இடையே 10 மெகாஓமுக்குக் கீழே காட்டினால் ஈரம் இருக்கிறது, மறுபடி உலர்த்துங்கள். அமெரிக்க செட் என்றால் 117 வோல்ட், 60 ஹெர்ட்ஸுக்குச் செய்தது. நம் 50 ஹெர்ட்ஸில் கோர் கூடுதலாகச் சூடாகும். பின்னர் ஆன் செய்யும்போது ஸ்டெப்டவுனில் 105 முதல் 110 வோல்ட் கொடுத்து, ஹீட்டரில் 6.3 வோல்ட்டுக்குப் பக்கத்தில் வருகிறதா என்று பாருங்கள்.

பழைய எலக்ட்ரோலைட்டிக் கெபாசிட்டர்களை யோசிக்காமல் மாற்றுங்கள். இரண்டைத் தொடரில் போட்டால் ஒவ்வொன்றுக்கும் குறுக்கே 100 கிலோ ஓம், 2 வாட் ரெசிஸ்டர் வேண்டும். இல்லாவிட்டால் வோல்டேஜ் சமமாகப் பிரியாது. காகிதக் கப்ளிங் கெபாசிட்டர் கசிந்தால் அடுத்த வால்வின் கிரிட் (உள்ளே மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் கம்பி வலை) பாசிட்டிவ் ஆகி, பிளேட் (வெளிப்புற உலோகத் தகடு) சூட்டில் சிவக்கும். அந்த இடத்துக்கு 630 வோல்ட் பாலிபுரோப்பைலீன் போடுங்கள். பழைய கார்பன் ரெசிஸ்டரின் மதிப்பு காலப்போக்கில் ஏறும். 20 சதவீதம் தாண்டியதை மாற்றுங்கள். எர்த் கம்பியோடு கூடிய மூன்று கம்பி பவர் வயரும் கட்டாயம்.

முதல் முறை வால்வு இல்லாமல், 100 வாட் குண்டு பல்பைத் தொடரில் வைத்து ஆன் செய்யுங்கள். எல்இடி பல்பு உதவாது. பல்பு ஒரு கணம் ஒளிர்ந்து மங்கினால் சரி. முழு வெளிச்சத்தில் நின்றால் எங்கோ ஷார்ட். 866ஏ பாதரச ரெக்டிஃபையர் இருந்தால், இடம் மாற்றிய பிறகு ஹீட்டரை மட்டும் 15 நிமிடம் ஓடவிட்டுத்தான் உயர் வோல்டேஜ் கொடுக்க வேண்டும். வால்வின் உள்ளே கண்ணாடிபோல் பளபளக்க வேண்டிய பூச்சு பால் வெள்ளையாக இருந்தால் காற்று புகுந்துவிட்டது, அதைச் சாக்கெட்டில் மாட்டாதீர்கள்.

உள்ளே கை வைக்குமுன் பிளக்கைப் பிடுங்கி, 1 கிலோ ஓம், 10 வாட் ரெசிஸ்டர் வழியாகக் கெபாசிட்டரில் தேங்கிய மின்சாரத்தை வடித்து, வோல்ட் மீட்டரில் உறுதி செய்யுங்கள். இந்த வோல்டேஜ் ஆளைக் கொல்லும்.

டியூனிங்குக்கு ஆன்டெனா வேண்டாம். 50 ஓம் டம்மி லோடு (ஆன்டெனாவுக்குப் பதிலாக சக்தியை வாங்கிக்கொள்ளும் ரெசிஸ்டர்) போதும். பிளேட் டியூனைத் திருப்பி மின்னோட்டம் குறைந்த இடத்தைப் பிடித்து, லோடிங்கைச் சிறிது சிறிதாகக் கூட்டி, மறுபடி குறைந்த இடத்துக்கு வாருங்கள். 807, 6146 என்ற அவுட்புட் வால்வுகள் இரண்டிலும் பிளேட் சிவந்தால் உடனே நிறுத்துங்கள்: டிரைவ் (முந்தைய கட்டத்தின் சிக்னல்) வரவில்லை, பயாஸ் (கிரிட்டுக்குத் தரும் நெகட்டிவ் வோல்டேஜ்) போயிருக்கிறது, அல்லது டியூன் தவறு. காற்றில் அனுப்ப ஹாம் உரிமம் கையில் இருக்க வேண்டும்.

ஓடாத நாட்களில் மூடிய பெட்டியில் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள்; நீல மணிகள் இளஞ்சிவப்பானதும் 120 டிகிரியில் வாட்டி மறுபடி போடலாம்.