ரெயின் லில்லி நாற்றுகளை அடைமழையில் காப்பாற்றித் தரையில் நடுவது எப்படி?

இணையத்தில் லில்லி நாற்று பற்றித் தேடினால், பனிக்காலத்தில் வீட்டுக்குள் எடுத்து வைக்கச் சொல்கிறார்கள். எங்கள் வடசென்னைத் தண்டையார்பேட்டையில் தை மாத விடியலிலும் குளிர் 20 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். இங்கே நாற்றைக் கொல்வது ஐப்பசி, கார்த்திகை மழை.

ரெயின் லில்லி உண்மையான லில்லியே அல்ல, அமரில்லிஸ் குடும்பத்தைச் சேர்ந்தது. அது தெரியாமல், குளிர்நாட்டு லில்லிக்குச் சொன்ன வைத்தியத்தை நம்பி விதையை ஆறு வாரம் ஃபிரிட்ஜில் வைத்தேன். ஒன்றுகூட முளைக்கவில்லை. இதன் விதையைப் பறித்த சூட்டோடு விதைத்துவிட வேண்டும்.

விதைப்பதில் பெரிய வித்தை இல்லை. ஆடி, ஆவணியில் சாயங்கால இடிமழை பெய்த சில நாளில் மஞ்சள் ரெயின் லில்லி பூக்கும். பூ வாடி மூன்று நான்கு வாரத்தில் காய் வெடித்து, கறுப்புக் காகிதத்தை நறுக்கிப் போட்டதுபோல் விதை தெரியும். மண்மேல் தூவி, மேலே சன்னமாக மணல் போடுங்கள். இரண்டு வாரத்துக்குள் புல் போல முளைக்கும். பக்கத்தில் அடையாளமாக ஒரு குச்சி நட்டு வையுங்கள். எங்கள் அம்மா புல் என்றே நினைத்துப் பாதியைப் பிடுங்கிவிட்டார்.

தொட்டிக்கு நான் பயன்படுத்துவது காசிமேட்டில் மீன் அடுக்கி வரும் தெர்மோகோல் பெட்டி. வளர்ப்புப் பைகளை எனக்குப் பிடிக்காது. அடி தொய்ந்து, ஒரு மூலையில் தண்ணீர் தேங்கும். பெட்டியை மூன்று முறை கழுவி இரண்டு நாள் வெயிலில் போடுங்கள். ஒரே முறை கழுவிவிட்டு மண் நிரப்பினேன். தெருப் பூனைகள் எல்லாம் மாடியேறி வந்து கிளறின.

மண் கலவை: செம்மண் இரண்டு பங்கு, மணல் இரண்டு பங்கு, மண்புழு உரம் ஒரு பங்கு. தேங்காய் நார்க்கழிவு வேண்டாம். கோடையில் அது வரம், கார்த்திகையில் ஊறிய பஞ்சு. எம் சாண்ட் போடுவதானால் சலித்து, தூளைக் கொட்டிவிட்டுக் குருணையை மட்டும் எடுங்கள். தூள் சேர்ந்தால் நனைந்து காய்ந்ததும் சிமெண்ட் போல இறுகிவிடும்.

நான் சறுக்கியது ஓட்டையில். பெட்டியின் அடியில் எட்டு ஓட்டை போட்டு, அப்படியே தளத்தில் வைத்துவிட்டேன். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தது. மாடியின் மழைநீர்க் குழாய் வாயை வேப்பிலை அடைத்துக்கொண்டு, கணுக்கால் அளவு தண்ணீர் நின்றது. தண்ணீர் வெளியேறட்டும் என்று நான் போட்ட ஓட்டை வழியாகவே அது உள்ளே ஏறியது. மழை விட்டபின் இலைகள் பச்சையாகத்தான் நின்றன, பிழைத்தோம் என்று நினைத்தேன். நாலாம் நாள் ஒன்றைத் தொட்டால் இலை மட்டும் கையோடு வந்தது. அடியில் கிழங்கு அழுகிய வெங்காயம் போல நசுங்கி, அதே நாற்றம். அறுபதில் மிஞ்சியது ஏழு.

அதனால் இப்போது அடியில் ஓட்டை போடுவதோடு, பக்கவாட்டிலும் ஒரு அங்குல உயரத்தில் இரண்டிரண்டு போடுகிறேன். உள்ளே ஓட்டுச்சில்லைக் கவிழ்த்து ஓட்டையை மூடி, அதன்மேல் மண். பெட்டிக்கு அடியில் நாலு மூலைக்கும் ஒரு முழுச் செங்கலை நிறுத்திவையுங்கள், படுக்கப் போடாதீர்கள். குழாய் வாயையும் வாரம் ஒருமுறை சுத்தம் செய்யுங்கள்.

ஐப்பசி பிறக்கும் முன்பே இடம் மாற்றிவிடுங்கள். வடகிழக்குப் பருவமழையின் சாரல் அந்தத் திசையிலிருந்தே சாய்ந்து அடிக்கும். மாடிப்படி அறைக்கு மேற்கிலோ தெற்கிலோ, சன்ஷேடுக்குக் கீழே வெளிச்சம் படும்படி வைத்தால் போதும். தார்ப்பாய் போட்டு மூடாதீர்கள், காற்றில்லாமல் பூஞ்சை பிடிக்கும். தண்ணீர் ஊற்றும் முன் துடைப்பத்து ஈர்க்குச்சி ஒன்றை மண்ணில் குத்தி எடுங்கள். மண் ஒட்டினால் ஊற்றாதீர்கள். இந்த மூன்று மாதமும் உரமே வேண்டாம்.

பொங்கல் முடிந்ததும் வெளியே கொண்டுவரலாம். முதல் இரண்டு நாள் காலை வெயில் ஒரு மணி நேரம், பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிப் பத்து நாள். கிழங்கு அதற்குள் மிளகிலிருந்து பட்டாணி அளவுக்கு வந்திருக்கும். வேர் அறாமல் மண்ணோடு கரண்டியால் அள்ளி, மூன்று விரற்கடை இடைவெளியில், கழுத்து மட்டும் வெளியே தெரிய நடுங்கள். சாயங்காலம் நடுவது நல்லது. அக்னி நட்சத்திரத்தில் இலை காய்ந்தால் பதறி அதிகமாகத் தண்ணீர் ஊற்றாதீர்கள், கிழங்கு தூங்குகிறது. விதையிலிருந்து வந்தது பெரும்பாலும் இரண்டாம் வருடம்தான் பூக்கும்.

பின்சேர்க்கை: திருவொற்றியூரிலிருந்து ஒரு வாசகர், எல்லாம் செய்தும் இலை நுனி கருகுகிறது என்று படம் அனுப்பியிருந்தார். மண்மேல் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. போர்வெல் தண்ணீர்! கடலோரத்தில் இதை நான் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். மழைநீரை ஒரு டிரம்மில் பிடித்து நாற்றுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். வாயைக் கொசுவலையால் இறுகக் கட்டுங்கள், இல்லையென்றால் கொசுப்புழு தேடி வரும் மாநகராட்சி ஊழியர்கள் கவிழ்த்துவிட்டுப் போவார்கள்.

இன்னொருவருக்கு இளஞ்சிவப்புப் பூவில் காயே பிடிக்கவில்லையாம். என் மாடியிலும் பிடித்ததில்லை. தாய்க்கிழங்கின் பக்கத்தில் வரும் குட்டிகளைப் பிரித்து, இதே பெட்டியில் வைத்துத்தான் வளர்க்கிறேன்.