கன்கூனில் பஸ் ஏறுமுன்: பலரும் செய்யும் தவறுகள்

மெக்சிகோவின் கன்கூனில் முதல் தவறு விமான நிலையத்திலேயே நடந்துவிடுகிறது. சுங்கச் சோதனை முடிந்து வெளியே வரும் கூடத்தில் "எந்த ஹோட்டல்?" என்று கேட்டபடி சிலர் சூழ்ந்துகொள்வார்கள். உதவிக்கு வந்தவர்கள்போலத் தெரியும். பெரும்பாலோர் சுற்றுலாவும் வாடகை வண்டியும் விற்க நிற்பவர்கள். நிற்காமல் நடந்து, நகர மையத்துக்குப் போகும் ஏடிஓ நிறுவனப் பஸ்ஸுக்கு டிக்கெட் எடுங்கள். நகரத்து டாக்சி இங்கே ஆளை இறக்கலாம், ஏற்றக் கூடாது. அதனால் வாசலில் மலிவான டாக்சி தேடுவது வீண்.

நகரத்துக்குள் பலர் டாக்சியையே நம்புகிறார்கள். மீட்டர் கிடையாது. ஏறுமுன் தொகையைப் பேசாவிட்டால், இறங்கும்போது சொல்வதுதான் கணக்கு. பேசும்போதும் 'பெசோவா, டாலரா?' என்று கேட்டுவிட வேண்டும். மெக்சிகோ நாணயமான பெசோவுக்கும் டாலர் குறியைத்தான் போடுகிறார்கள். பலகையில் '$200' என்று பார்த்துத் திகைப்பவர்களும் உண்டு. பெசோ என்று நினைத்துத் தலையாட்டிவிட்டு டாலரில் கொடுப்பவர்களும் உண்டு.

உண்மையில், ஹோட்டல் பகுதிக்கு டாக்சியே தேவையில்லை என்பது என் கட்சி. கடலுக்கும் நிச்சுப்தே காயலுக்கும் நடுவே 20 கிலோமீட்டருக்கு மேல் நீளும் குகுல்கான் சாலைதான் அங்கே பிரதான சாலை. ஆர்-1, ஆர்-2 பஸ்கள் அதில் அடிக்கடி வருகின்றன. கட்டணம் ஒரு டாலருக்கும் குறைவு. சில்லறைப் பெசோ வைத்திருங்கள், டாலர் நீட்டினால் நஷ்டம் உங்களுக்குத்தான். முகவரிகளும் கிலோமீட்டர் கணக்கில்தான் இருக்கின்றன. டெல்ஃபினெஸ் கடற்கரை 18-ஆவது கிலோமீட்டருக்கு அருகே. ஹோட்டல் பெயரை மட்டும் தெரிந்துகொண்டு, எண்ணை விட்டுவிட்டவர்கள் வெயிலில் நடப்பார்கள். ஏறுமுன் கண்ணாடியில் 'சென்ட்ரோ' (நகர மையம்) என்றிருக்கிறதா, 'ஹோட்டலெஸ்' (ஹோட்டல் பகுதி) என்றிருக்கிறதா என்று பார்ப்பது அவசியம்.

'துலும்' என்ற பெயரிலும் கவனம் தேவை. நகர மையத்தில் அது ஓர் அகன்ற சாலை. ஏறக்குறைய 130 கிலோமீட்டர் தெற்கே அதே பெயரில் தனி ஊரும் இருக்கிறது. அந்த ஊருக்கு 'கொலெக்டிவோ' என்னும் பகிர்வு வேனில் போவதென்றால், வழியிலுள்ள பிளாயா தெல் கார்மென் ஊர் வரை போய், அங்கே வேறு வேன் மாற வேண்டும்.

2023 டிசம்பரில் ஓடத் தொடங்கிய மாயா ரயிலை நம்பிக் கடற்கரையில் இறங்கலாம் என்று நினைப்பவர்கள் ஏமாறுவார்கள். கன்கூன் நிலையம் விமான நிலையத்துப் பக்கம். ஹோட்டல் பகுதிக்கு மறுபடி வண்டி பிடிக்க வேண்டும்.

இஸ்லா முஹேரெஸ் தீவுக்கு ஹோட்டல் பகுதியிலிருந்தே படகு உண்டு. ஆனால் புவெர்த்தோ ஹுவாரெஸ் துறைக்குப் போய் ஏறினால் செலவு குறையும்.

சிச்சென் இட்சா என்னும் மாயா தொல்நகரத்துக்குப் போகிறவர்கள் கடிகாரத்தை மறந்துவிடுகிறார்கள். கன்கூன் இருக்கும் கின்தானா ரோ மாநிலம் 2015-ல் நேர மண்டலத்தை மாற்றிக்கொண்டது. சிச்சென் இட்சா இருக்கும் யுகதான் மாநிலம் அதற்கு ஒரு மணி நேரம் பின்னால் ஓடுகிறது. போகும்போது ஒரு மணி நேரம் இலவசமாகக் கிடைக்கும். இரவு திரும்பும்போது அதைக் கன்கூன் திருப்பி வாங்கிக்கொள்ளும்.